பாதத்தைச் சோதிக்கப் பணம் தராத பாலிசி

சர்க்கரை நோய் பல ஆண்டுகளாக இருப்பவருக்குப் பாதத்தில் உணர்ச்சி மெல்ல மங்கும். முள் குத்தினால் தெரியாது. செருப்பு கடித்த இடம் புண்ணாகி, புண் ஆழமாகி, எலும்பைத் தொட்ட பிறகும் வலிக்காமல் இருக்கலாம். ஆண்டுக்கு ஒருமுறை ஒரு நைலான் இழையால் பாதத்தில் சில இடங்களைத் தொட்டுப் பார்த்தாலே உணர்ச்சி குறைந்திருப்பது தெரிந்துவிடும். பத்து நிமிட வேலை. மருத்துவமனையில் படுத்தால் மட்டும் பணம் தரும் பாலிசிகள் உலகில் ஏராளமாக விற்பனையாகின்றன. அவற்றில் இந்தப் பத்து நிமிடத்துக்கு இடமில்லை. அதே கால் அழுகி, முழங்காலுக்குக் கீழே அகற்ற நேர்ந்தால், அறை வாடகை முதல் மயக்க மருந்து வரை எல்லாவற்றுக்கும் பணம் உண்டு.

இந்த விதியை எழுதியவர்கள் கல்நெஞ்சக்காரர்கள் அல்லர். காப்பீட்டின் இலக்கணமே அப்படித்தான் இருக்கிறது. எப்போது வரும் என்று தெரியாத, வந்தால் தனியாளாகத் தாங்க முடியாத இழப்பைப் பலர் சேர்ந்து சுமப்பதுதான் காப்பீடு. வீடு தீப்பிடித்தால் பணம் கிடைக்கும், வெள்ளையடிக்கக் கிடைக்காது. தடுப்பு மருத்துவமோ எல்லா வகையிலும் வெள்ளையடிப்பைப் போன்றது. செலவு சிறியது, எப்போது தேவைப்படும் என்பது முன்பே தெரியும், நாமே விரும்பித் தேடிப் போவது. ஆகவே அது காப்பீட்டுக்கு வெளியே நிற்பதுதான் முறை என்ற வாதம் கேட்கச் சரியாகவே இருக்கிறது. ஆனால் வெள்ளையடிக்காத காரணத்தால் எந்த வீடும் தீப்பிடிப்பதில்லை. இரத்த அழுத்தத்தைக் கவனிக்காததால் பக்கவாதம் வருகிறது. அதன் செலவு மறுபடியும் அதே காப்பீட்டு நிதியின் தலையில்தான் விழுகிறது.

பொருளியலாளர்களுக்கு இதில் இன்னொரு பழைய கவலை உண்டு. காப்பீடு இருக்கிறது என்ற தைரியத்தில் மனிதர்கள் தங்கள் உடலைப் பேணாமல் விட்டுவிடுவார்களோ என்பது அது. தற்காப்புக்கும் காப்பீட்டுக்கும் உள்ள உறவை ஐசக் எர்லிக்கும் கேரி பெக்கரும் 1972-இல் எழுதிய கட்டுரை கணக்கிட்டுக் காட்டியது. கணக்கு சரிதான். ஆனால் மருத்துவமனைக் கட்டணத்தை வேறொருவர் கட்டுவார் என்பதற்காக மாரடைப்பை வரவேற்கிற மனிதரை நான் கற்பனை செய்ய முடியவில்லை. வலி, பயம், உயிர் ஆகியவற்றுக்கு எந்த பாலிசியும் ஈடு தருவதில்லை. மக்கள் தடுப்பு மருத்துவத்தைத் தவிர்ப்பதற்குக் காரணம் தேட வேண்டிய இடம் அவர்களுடைய சோம்பல் அல்ல, பாலிசியின் விதிகள்.

முதல் விதி விலை. 1974 முதல் 1982 வரை அமெரிக்காவில் ராண்ட் என்ற ஆய்வு நிறுவனம் ஜோசப் நியூஹவுஸ் தலைமையில் நடத்திய ஆய்வுதான் இந்தத் துறையின் அடித்தளம். ஆயிரக்கணக்கானோரைக் குலுக்கல் முறையில் வெவ்வேறு திட்டங்களில் சேர்த்தார்கள். ஒரு திட்டத்தில் சிகிச்சை முழுக்க இலவசம். மற்றவற்றில் ஆண்டு உச்சவரம்பு ஒன்றை எட்டும்வரை செலவில் 25, 50 அல்லது 95 விழுக்காட்டைக் குடும்பமே கட்ட வேண்டும். பணம் கட்ட நேர்ந்தவர்கள் மருத்துவரிடம் போவது கணிசமாகக் குறைந்தது. தேவையற்றதை மட்டும் குறைத்திருந்தால் நல்லதுதான். ஆனால் பயனுள்ள சிகிச்சையும் பயனற்ற சிகிச்சையும் ஏறத்தாழ ஒரே அளவில் குறைந்தன. பெரும்பாலோரின் உடல்நிலையில் அளந்து சொல்லும்படியான மாற்றம் இல்லை. ஏழைகளாகவும் உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்களாகவும் இருந்தவர்களின் நிலை வேறு. இலவசத் திட்டத்தில் இருந்தபோது அவர்களுடைய அழுத்தம் நன்றாகக் கட்டுப்பட்டது. காரணம் எளிமையானது: வேறு எதற்காகவோ மருத்துவரிடம் போனபோது கையில் பட்டை சுற்றி அழுத்தம் பார்க்கப்பட்டது.

கட்டணம் மிகச் சிறிதாக இருந்தாலும் விளைவு சிறிதாக இருப்பதில்லை. அமெரிக்க முதியோருக்கான மெடிகேரின் கீழ் இயங்கிய 174 திட்டங்களை, 2001 முதல் 2004 வரையிலான தரவுகளைக் கொண்டு ஆராய்ந்தார்கள். மேமோகிராம் எனும் மார்பக எக்ஸ்-ரே எடுக்கப் பெண்கள் எதுவும் கட்ட வேண்டாத திட்டங்களில் 77.5 விழுக்காட்டினர் மார்பகப் பரிசோதனை செய்துகொண்டிருந்தார்கள். சிறு பங்காவது கட்ட வேண்டியிருந்த திட்டங்களில் 69.2 விழுக்காட்டினர்தான். இடையில் புதிதாகக் கட்டணம் புகுத்திய திட்டங்களில் பரிசோதனை 5.5 விழுக்காட்டுப் புள்ளி சரிந்தது. அவற்றை ஒத்த, கட்டணம் புகுத்தாத திட்டங்களில் அதே காலத்தில் கூடியது.

பல்வலி வந்தவர் கடன் வாங்கியாவது பல் மருத்துவரிடம் போவார். வலியே இல்லாதவரிடம் "இன்று பணம் கட்டி, இன்று நேரம் செலவழித்து, கொஞ்சம் சங்கடப்பட்டு வா, பத்து ஆண்டுகள் கழித்து ஒருவேளை வரக்கூடிய ஒன்று வராமல் போகலாம்" என்று சொல்கிறோம். தராசின் ஒரு தட்டில் இருப்பவை எல்லாம் இன்றைக்கு உரியவை, நிச்சயமானவை. மற்றத் தட்டில் இருப்பது கண்ணுக்குத் தெரியாத பிற்கால நன்மை. இந்த நிலையில் சிறு கட்டணமும் வராமல் இருக்க நல்லதொரு சாக்காகிவிடுகிறது.

அப்படியானால் தடுப்பு மருத்துவத்தை இலவசமாக்கிவிட்டால் போதுமே? அமெரிக்கா 2010-இல் கொண்டுவந்த சட்டம் ஏறக்குறைய அதைத்தான் செய்தது. தனிக் குழு ஒன்று 'ஏ' அல்லது 'பி' தரம் கொடுத்துப் பரிந்துரைக்கும் பரிசோதனைகளையும், பரிந்துரைக்கப்பட்ட தடுப்பூசிகளையும், தனியார் காப்பீடுகள் பயனாளியிடம் எதுவும் வாங்காமல் தர வேண்டும். நல்ல சட்டம். ஆனால் அதற்குப் பிறகு பரிசோதனை எண்ணிக்கைகளில் எல்லோரும் எதிர்பார்த்த பாய்ச்சல் வரவில்லை. சிலவற்றில் சற்றே உயர்ந்தன, சிலவற்றில் அசையவே இல்லை. ஏன் என்பதில்தான் இந்த விஷயத்தின் சுவையும் துயரமும் இருக்கின்றன.

ஒரு பெரிய நிறுவனம் தன் ஊழியர்களை முழு இலவசக் காப்பீட்டிலிருந்து டிடக்டிபிள் அதிகமுள்ள காப்பீட்டுக்கு மாற்றியது. ஆண்டின் தொடக்கத்தில் குறிப்பிட்ட தொகை வரை எல்லாச் செலவையும் நாமே கட்டிய பிறகுதான் காப்பீடு கை கொடுக்கும் என்பதே டிடக்டிபிள். 2017-இல் வெளிவந்த ஆய்வின்படி மருத்துவச் செலவு 12 முதல் 14 விழுக்காடு வரை குறைந்தது. விலை குறைந்த மருத்துவரைத் தேடிப் போனதால் வந்த குறைவு அல்ல அது. போவதையே குறைத்ததால் வந்தது. தடுப்புப் பரிசோதனைகளுக்கு அந்த டிடக்டிபிள் பொருந்தாது, அவை இலவசமாகவே தொடர்ந்தன. அவையும் குறைந்தன! ஊழியர்கள் படித்தவர்கள், நல்ல சம்பளம் வாங்குபவர்கள். அவர்களுக்கே எது இலவசம், எது இல்லை என்பது பிடிபடவில்லை. அல்லது மருத்துவரின் வாசலை மிதித்தாலே செலவு என்ற எண்ணம் முந்திக்கொண்டது. இலவசம் என்று விதிப்புத்தகத்தில் எழுதுவதும், அது இலவசம் என்று ஒருவர் நம்புவதும் வேறு வேறு.

நம்பாததிலும் நியாயம் உண்டு. குழாய்க் கேமராவால் பெருங்குடலின் உட்புறத்தைப் பார்க்கும் கொலோனோஸ்கோபியை எடுத்துக்கொள்ளுங்கள். பெருங்குடல் புற்றுநோயைத் தடுப்பதில் இதற்குச் சமமான கருவிகள் குறைவு. புற்றாக மாறக்கூடிய சிறு சதை வளர்ச்சியான பாலிப்பைக் கண்டதும் அந்த அமர்விலேயே மருத்துவர் அகற்றிவிடுகிறார். மெடிகேர் விதிகளின்படி, பாலிப் எதுவும் இல்லாவிட்டால் அது தடுப்புப் பரிசோதனை, கட்டணம் கிடையாது. பாலிப் இருந்து அகற்றப்பட்டால் அது சிகிச்சையாகிவிட்டது. செலவில் 20 விழுக்காட்டை நோயாளி கட்ட வேண்டியிருந்தது. மயக்கத்தில் படுக்கும்போது இலவசமாக இருந்தது, கண் விழிக்கும்போது பில்லாக மாறியிருக்கும். எந்தக் காரணத்துக்காக அந்தப் பரிசோதனை நடக்கிறதோ, அந்தக் காரணம் நிறைவேறினால் அபராதம்! 2020 டிசம்பரில் இயற்றிய சட்டம் இதை மாற்றியது. அதுவும் ஒரேயடியாக அல்ல: 2023 முதல் 2026 வரை 15 விழுக்காடு, அடுத்த மூன்று ஆண்டுகள் 10 விழுக்காடு, 2030-இலிருந்துதான் முழு விலக்கு.

மார்பகப் புற்றுநோயிலும் இதே கதை வேறு வடிவில் நடந்தது. மேமோகிராம் இலவசம். அதில் ஏதோ நிழல் தெரிந்தால் அடுத்து அல்ட்ராசவுண்ட், தேவைப்பட்டால் திசுப் பரிசோதனை. இவை 'நோயறியும் சோதனைகள்' என்ற வேறு தலைப்பில் வந்ததால் டிடக்டிபிள் பாய்ந்தது. டிடக்டிபிள் அதிகமான திட்டங்களுக்கு மாறிய பெண்களிடம் அடுத்தகட்டப் படமும், திசுப் பரிசோதனையும், சிகிச்சைத் தொடக்கமும் தாமதமானதை ஆய்வுகள் காட்டின. வருமானம் குறைந்தவர்கள் கூடுதலாகப் பாதிக்கப்பட்டார்கள். சந்தேகத்தை மட்டும் இலவசமாகக் கையில் கொடுத்து அனுப்பி, அது உண்மையா என்று அறிய விலை வைப்பதை விடக் கொடுமையான ஏற்பாடு எனக்குத் தெரியவில்லை. தடுப்பு மருத்துவம் ஒரு சங்கிலி: அழைப்பு, பரிசோதனை, முடிவு, மறுபரிசோதனை, மருந்து, தொடர்கவனிப்பு. காப்பீடோ தனித்தனி பில்களைத்தான் பார்க்கிறது. முதல் கண்ணியை இலவசமாக்கிவிட்டு, மற்றவை தாமாக வந்து சேரும் என்று எதிர்பார்க்கிறது.

2008-இல் அமெரிக்காவின் ஆரிகன் மாநிலம் ஏழைகளுக்கான காப்பீட்டு இடங்களைக் குலுக்கல் முறையில் ஒதுக்கியபோது கிடைத்த சான்றும் இதற்கு ஒத்துப்போகிறது. காப்பீடு கிடைத்தவர்களிடையே முதல் ஆண்டிலேயே மேமோகிராம் 60 விழுக்காடும் கொழுப்புப் பரிசோதனை 20 விழுக்காடும் கூடின. சர்க்கரை நோய் கண்டறியப்படுவதும், அதற்கு மருந்து எடுப்பதும் கூடின. மனச்சோர்வு குறைந்தது. ஆனால் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் கழித்து அளந்தபோது இரத்த அழுத்தம், கொழுப்பு, சர்க்கரை அளவு ஆகியவற்றில் புள்ளியியல் ஏற்கும்படியான முன்னேற்றம் தெரியவில்லை. காப்பீடே வீண் என்று இதைக் கொண்டு வாதிட்டவர்கள் உண்டு. நான் அப்படிப் படிக்கவில்லை. காப்பீடு சங்கிலியின் முன்பகுதியை இழுத்துவிட்டது. பின்பகுதியை இழுக்க அந்தக் காலத்துக்குள் அதனால் முடியவில்லை.

விலையே இல்லாத இடத்தில் என்ன நடக்கும் என்பதற்குப் பிரிட்டன் நல்ல சான்று. அங்கே கருப்பை வாய்ப் பரிசோதனை 1960-களிலிருந்தே இலவசம். இருந்தும் 1988-இல் உரிய வயதுப் பெண்களில் 42 விழுக்காட்டினரே அதைச் செய்துகொண்டிருந்தார்கள். அந்த ஆண்டு கணினிப் பதிவேட்டை வைத்து ஒவ்வொரு பெண்ணுக்கும் கடிதம் அனுப்பி அழைக்கும் முறை வந்தது. 1990-இல் குடும்ப மருத்துவர்களின் ஒப்பந்தம் மாறியது: தம் பட்டியலில் உள்ள பெண்களில் 80 விழுக்காட்டினரைப் பரிசோதித்தால் உயர்ந்த ஊதியம், 50 விழுக்காட்டைத் தொட்டால் குறைந்த ஊதியம், அதற்கும் கீழே போனால் ஒன்றும் இல்லை. 1994-இல் பங்கேற்பு 85 விழுக்காடாகிவிட்டது. பெண்களுக்கான விலை அன்றும் சுழியம், இன்றும் சுழியம். வராதவரைத் தேடும் பொறுப்பு யாருக்கு, அதற்கு ஊதியம் உண்டா என்பது மட்டுமே மாறியது. காப்பீட்டு விவாதங்களில் பயனாளியின் பாக்கெட்டைப் பற்றியே பேசிப் பேசி, மருத்துவருக்கு எதற்குப் பணம் தரப்படுகிறது என்பதை மறந்துவிடுகிறோம். வருகிற நோயாளிக்குத் தலைக்கு இவ்வளவு என்று கொடுத்தால், வராதவர் கணக்கிலேயே இருக்க மாட்டார்.

காப்பீட்டு நிறுவனத்துக்கு இதில் என்ன அக்கறை? நோய் வராமல் தடுத்தால் அதற்கு லாபம்தானே என்று தோன்றும். லாபம்தான், ஆனால் யாருக்கு? இன்று நாற்பது வயதில் ஒருவருக்குக் கொழுப்பைக் குறைக்கச் செலவழித்தால், அதன் பலன் அறுபது வயதில் மாரடைப்பு வராமல் இருப்பது. அதற்குள் அவர் வேலை மாறி, பாலிசி மாறி, நிறுவனம் மாறியிருப்பார். விதைத்தவர் ஒருவர், அறுப்பவர் இன்னொருவர். ஆண்டுக்கு ஆண்டு புதுப்பிக்கும் ஒப்பந்தத்தில் இருபது ஆண்டுகளுக்கான அக்கறையைத் தேடக் கூடாது. ஒரே அமைப்பு வாழ்நாள் முழுவதும் பணம் கட்டும் நாடுகளில் இந்தச் சிக்கல் குறைவு. பல அமைப்புகள் உள்ள ஜப்பான் வேறு வழியில் போனது. 40 முதல் 74 வயது வரையுள்ளோருக்கு ஆண்டுதோறும் பரிசோதனை நடத்துவதை 2008 ஏப்ரலிலிருந்து காப்பீட்டு அமைப்புகளின் கடமையாக்கியது. இலக்கை எட்டாத அமைப்பு முதியோர் மருத்துவ நிதிக்குக் கூடுதலாகக் கட்ட நேரிடும். தண்டனை தனிமனிதருக்கு இல்லை, அமைப்புக்கு. இந்த ஒரு திருப்பத்தை நான் மிகவும் மதிக்கிறேன். ஆனாலும் இடுப்புச் சுற்றளவை அளந்து அறிவுரை சொல்லும் அதன் அடுத்த கட்டத்தால், ஆண்களிடம் ஆராய்ந்தவரை, எடை பெயரளவுக்கே குறைந்தது.

ஜெர்மனியின் பல் மருத்துவக் கையேடு இன்னொரு பாதை. ஆண்டுதோறும் பல்லைக் காட்டி முத்திரை வாங்கிவந்தால், பின்னாளில் செயற்கைப் பல் கட்ட நேரும்போது காப்பீடு தரும் பங்கு கூடும். வழக்கமான சிகிச்சைச் செலவில் 60 விழுக்காடு என்பது ஐந்து ஆண்டு முத்திரைக்கு 70, பத்து ஆண்டுக்கு 75 ஆகிறது. தொலைவில் இருக்கும் பலனைக் கையில் பிடித்துப் பார்க்கும்படி ஆக்கிவிடுகிற எளிய யோசனை.

அதிகம் பேசப்படாத விதி ஒன்று உண்டு. அது அச்சத்தை விதைக்கும் விதி. புதிதாக பாலிசி எடுப்பவர் ஏற்கெனவே இருக்கும் நோய்களைச் சொல்ல வேண்டும். சொன்னால் பிரீமியம் கூடும், அல்லது அந்த நோய்க்கு ஆண்டுக்கணக்கில் காத்திருப்புக் காலம் வரும். இப்படிப்பட்ட சந்தையில் பரிசோதனை செய்துகொள்ளாதவருக்குச் சொல்வதற்கு எதுவும் இல்லை. அறியாமைக்குப் பரிசு, அறிவுக்கு அபராதம். காப்பீட்டைப் பெறும் ஆசையே காப்பீட்டுக்கு முந்தைய பரிசோதனையைத் தள்ளிப்போட வைக்கிறது. க்ளைம் இல்லாத ஆண்டுக்குச் சலுகை தரும் பாலிசிகளிலும், பரிசோதனையை க்ளைமாக எண்ணினால் இதே விளைவுதான். மரபணுச் சோதனையில் இந்த அச்சத்தைப் போக்க அமெரிக்கா 2008-இல் சட்டம் இயற்றி, மருத்துவக் காப்பீட்டாளர்கள் அந்தத் தகவலைப் பயன்படுத்துவதைத் தடுத்தது. ஆயுள் காப்பீட்டுக்கு அந்தத் தடை பொருந்தாது. பாதி திறந்த கதவு.

இவ்வளவு சொன்ன பிறகு ஒன்றைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. தடுப்பு என்ற பெயரில் வருவதெல்லாம் நன்மை செய்வதில்லை. தென் கொரியாவில் 1999-இல் தொடங்கிய புற்றுநோய்ப் பரிசோதனைத் திட்டத்தின் பட்டியலில் தைராய்டு இல்லை. ஆனால் மருத்துவமனைகள் கழுத்துக்கான அல்ட்ராசவுண்டைச் சிறு கட்டணத்துக்குச் சேர்த்துக் கொடுத்தன. 2011-இல் தைராய்டு புற்றுநோய் 1993-இல் இருந்ததைப் போல 15 மடங்கு கண்டறியப்பட்டது. அதனால் இறப்பவர் எண்ணிக்கை மாறவே இல்லை. ஒருபோதும் தொல்லை தந்திராத கட்டிகளுக்காக ஆயிரக்கணக்கானோர் சுரப்பியை இழந்து, வாழ்நாள் முழுவதும் மாத்திரையை நம்பி வாழ வேண்டியவர்களானார்கள். ஆரோக்கியமாக இருப்பவருக்குச் செய்யும் பொதுவான முழு உடல் பரிசோதனை இறப்பைக் குறைப்பதில்லை என்று, பல மருத்துவ ஆய்வுகளைச் சேர்த்து மதிப்பிடும் காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு 2012-இலும் 2019-இலும் சொன்னது. பாலிசி விற்பவர் இனாமாகத் தரும் ஆண்டுப் பரிசோதனைத் தொகுப்பு எனக்கு மகிழ்ச்சி தருவதில்லை. அது விற்பனைக்கான அலங்காரம். எதைப் பார்ப்பது, யாருக்குப் பார்ப்பது, கண்டால் என்ன செய்வது என்ற கேள்விகளுக்கு அதில் விடை இருக்காது.

தடுப்பு எப்போதும் பணத்தை மிச்சமாக்கும் என்ற வாக்குறுதியும் அப்படியே. 2008-இல் வெளிவந்த ஒரு கணக்கெடுப்பில், ஆராயப்பட்ட தடுப்பு முறைகளில் உண்மையில் செலவை மிச்சப்படுத்தியவை ஐந்தில் ஒன்றுக்கும் குறைவு. மற்றவற்றில் பல, செலவழித்து உடல்நலத்தை வாங்குபவை. அதில் தவறு என்ன? மாரடைப்புக்கு அறுவை செய்வதால் பணம் மிச்சமாகுமா என்று யாரும் கேட்பதில்லையே.

ஆகவே பயனுக்கு ஏற்பக் கட்டணத்தை மாற்ற வேண்டும் என்று ஒரு சாரார் வாதிடுகிறார்கள்: பலன் அதிகமுள்ளது இலவசம், பலன் குறைந்ததற்குக் கூடுதல் பங்கு. நான் இதை ஏற்கிறேன், ஆனால் அளவோடு. மாரடைப்பிலிருந்து மீண்ட 5,855 பேரைக் கொண்டு நடந்து, 2011-இல் வெளிவந்த ஆய்வில் ஒரு பகுதியினருக்கு மருந்துகளை முற்றிலும் இலவசமாக்கினார்கள். வழக்கமான காப்பீட்டில் மருந்தை ஒழுங்காக எடுத்தவர்கள், மருந்தைப் பொறுத்து 36 முதல் 49 விழுக்காடு. இலவசமாக்கியதும் அது 4 முதல் 6 புள்ளிகள்தான் கூடியது. ஒருமுறை சாவைப் பார்த்துவிட்டு வந்தவர்கள், காசே இல்லாமல் கிடைக்கும் மருந்து. அப்போதும் பாதிப்பேர் எடுக்கவில்லை.

மாத்திரை தீர்ந்ததை யார் கவனித்தார்கள், கடிதம் வந்ததா, சோதனை முடிவை யார் விளக்கினார்கள், அடுத்த சந்திப்புக்கு யார் நாள் குறித்தார்கள் என்பவைதான் மீதிப் பாதியை முடிவு செய்கின்றன. காப்பீட்டு விதிகள் இந்தப் பக்கம் திரும்பத் தொடங்கியிருப்பதற்குச் சிறு அடையாளம் ஒன்று தெரிகிறது. அமெரிக்காவில் பெண்களுக்கான தடுப்பு மருத்துவ வழிகாட்டுதல்களை 2024-இன் கடைசி நாள்களில் திருத்தினார்கள். 2026-இல் தொடங்கும் திட்டங்களில் மேமோகிராமோடு, அதைத் தொடர்ந்து தேவைப்படும் படமும் திசுப் பரிசோதனையும் கட்டணமில்லாமல் தரப்பட வேண்டும். அவற்றோடு இன்னொன்றையும் பட்டியலில் சேர்த்திருக்கிறார்கள்: ஒரு சோதனையிலிருந்து அடுத்த சோதனைக்கு அந்தப் பெண்ணை அழைத்துச் செல்லும் வழிகாட்டியின் சேவை.